டவுன் வண்டி

முதலில் கண்ணில் பட்டது இரண்டு கால்கள்தான்.

ஒரு பெரிய மேசை. மேசை என்றால் வகுப்பறை மேசை இல்லை, பிள்ளைகளே. அதன் மேல் இலை போட்டால் ஒரு கல்யாணப் பந்தியே உட்காரலாம். அவ்வளவு நீளம். அதன் மேல் ஊர், மரம், மலை, ரயில் பாதை எல்லாம் இருந்தன. என் மகன் கிஷோர் அதையெல்லாம் விட்டுவிட்டுக் குனிந்து அடியில் பார்த்தான். அங்கே இரண்டு கால்கள் நீட்டிக்கொண்டிருந்தன. செருப்பு இல்லை. வலது கட்டைவிரல் மட்டும் தாளம் போட்டுக்கொண்டிருந்தது.

"அப்பா, இங்க யாரோ படுத்துக்கினு இருக்காரு."

"படுக்கல. ஒயர் பாக்கறேன்" என்றது அடியிலிருந்து ஒரு குரல். "மேல கைய வெக்காம பாருங்க. வெச்சீங்கன்னா காட்பாடி ஜங்ஷன் ஆடும்."

கிஷோர் கையை எடுத்துக்கொண்டான்.

ஏலகிரி மலைமேல், ஒரு பலாத்தோப்புக்குப் பக்கத்தில், தகரக் கூரை போட்ட நீளமான கொட்டகை அது. உள்ளே ஈயம் உருக்கிப் பற்றவைத்த வாசனை. எங்கிருந்தோ வண்டு முரலுவது போல ஒரு சத்தம். கரண்டைக் குறைத்து ரயிலுக்குக் கொடுக்கும் பெட்டியின் சத்தம் என்று அப்புறம் தெரிந்தது.

அந்தக் கால்கள் டேவிட் சாருடையவை. ரயில்வேயில் சிக்னல் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அவர் மனைவி லில்லி அம்மா வாசலில் சீட்டுக் கிழிப்பார். பத்துப் பேர் சேர்ந்ததும் உள்ளே வந்து மைக்கைப் பிடித்து அறிவிப்பும் செய்வார். கொட்டகையின் மொத்த ஊழியர்கள் இவ்வளவுதான்.

பவித்ராவின் பயம்

மலை ஏறி நாங்கள் அங்கே போனதற்கு ஒரு காரணம் இருந்தது. என் மகள் பவித்ரா.

பத்தாவது நன்றாகவே முடித்தாள். வேலூரில் ஒரு பாலிடெக்னிக்கில் எலெக்ட்ரிகல் படிக்க இடம் கிடைத்தது. ஆம்பூரிலிருந்து தினமும் காட்பாடி வரை ரயில், அங்கிருந்து பஸ். சீசன் பாஸ் எடுத்தாயிற்று. பையும் வாங்கியாயிற்று. திங்கட்கிழமை வகுப்பு ஆரம்பம். வியாழக்கிழமை சாப்பிடும்போது அவள் சொன்னாள்:

"நான் போகலப்பா."

அடம் பிடிக்கும் பெண் இல்லை அவள். மெதுவாகக் கேட்டேன். சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னாள்.

"பஸ்ஸுன்னா கத்துனா நிறுத்துவாங்க. ட்ரெயின்ல தப்பா ஏறிட்டா இன்னா பண்றது? அது நம்ம பேச்ச கேக்காதே."

"செயின இழு" என்றான் கிஷோர்.

"இழுத்தா போலீஸ் புடிக்கும்."

"நல்லதுதான. ஜீப்புலயே காலேஜுக்குக் கொண்டுபோய் விடுவாங்க."

அவள் சிரிக்கவில்லை. அவள் அம்மா கலா என்னைப் பார்த்தாள். "பயமா இருந்தா விட்டுடுங்க. இங்கயே ப்ளஸ் ஒன் சேத்துடலாம். எதுக்குப் புள்ளய பேஜார் பண்ணிக்கினு" என்றாள். பவித்ரா உடனே தலையாட்டிவிட்டாள். அந்தத் தலையாட்டல்தான் எனக்கு வலித்தது. அவள் ஆறாவது படிக்கும்போதே வீட்டு மிக்சியைக் கழற்றி மாட்டியவள்.

ஏன் அப்படி வலித்தது என்று அன்று எனக்கே சரியாகப் புரியவில்லை. அதைத்தான் இந்த வாரத் தொடரில் எழுத உட்கார்ந்தேன்.

நான் வேலை செய்யும் ஷூ கம்பெனியில் ஒருவர் இந்தக் கொட்டகையைப் பற்றிச் சொன்னார். "காட்பாடிலருந்து ஜோலார்பேட்டை வரிக்கும் அப்டியே செஞ்சு வெச்சிருக்காருப்பா. ஒரு ஸ்டேஷன் விடல. பசங்க கையில சுவிட்சக் குடுத்து ஓட்டவும் விடறாரு." விளையாட்டாக நாலு தடவை ஓட்டினால் பயம் கொஞ்சம் கம்மி ஆகும் என்று கணக்குப் போட்டேன். ஞாயிற்றுக்கிழமை கலாவுக்கு மகளிர் குழுக் கூட்டம். நாங்கள் மூன்று பேரும் கிளம்பினோம். கொண்டை ஊசி வளைவுகள் முடியும்வரை கிஷோர் ஒரு எலுமிச்சம்பழத்தை மூக்கிலிருந்து எடுக்கவே இல்லை.

தண்ணீர் இல்லாத ஆறு

மேசைக்கு மேல் எங்கள் ஊரே இருந்தது.

பீர்க்கங்காய் நாரில் புளியமரங்கள். பாட்டில் மூடியில் செய்த பிரியாணி தேக்ஷா, அதன் முன்னால் கட்டைவிரல் நகம் அளவுக்கு மனிதர்கள் வரிசையாக நின்றார்கள். மசூதி, சர்ச், மாரியம்மன் கோயில். ஷூ கம்பெனிக்குப் பெண்களை ஏற்றிப்போகும் வேன், அதன் ஜன்னலில் கோலப்பொடிப் புள்ளி அளவுக்கு மல்லிகைப்பூ. விண்ணமங்கலம் ஸ்டேஷன் ஒரு தீப்பெட்டி அளவுதான். அதன் பிளாட்பாரப் பெஞ்சில் ஒரு பழுப்பு நாய் சுருண்டு தூங்கியது.

பாலாறு இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை அகலமாகப் போனது. வெறும் மணல்.

"ஆத்துல தண்ணி இல்லியே, ஆன்ட்டி" என்றான் கிஷோர்.

"ஒரிஜினல்ல வரட்டும் கண்ணு. அன்னிக்கே நானும் ஒரு சொம்பு ஊத்தறேன்" என்றார் லில்லி அம்மா.

எனக்கு ஒரே ஒரு இடத்தில் கண் உறுத்தியது. ஒரு தோல் தொழிற்சாலை முற்றத்தில் காயவைத்த தோல்கள் தொங்கின. எல்லாம் சதுரமாக இருந்தன, கைக்குட்டை போல. இத்தனை வருஷம் கட்டிங் செக்‌ஷனில் நிற்பவன் நான். பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை.

"சார், தப்பா எடுத்துக்காதீங்க. தோலு சதுரமா இருக்காது. கழுத்து இருக்கும், நாலு கால் இருக்கும்."

மேசைக்கு அடியில் கட்டைவிரலின் தாளம் நின்றது.

"லில்லி, நான் அப்பவே சொல்லல?"

"நீங்க சொல்லல. நான்தான் சொன்னேன். கத்திரிக்கோல் வளையலன்னு சொன்னது நீங்க."

"சரி. அடுத்த தடவ வரும்போது நீங்களே வெட்டி எடுத்தாங்க சார்" என்றது குரல்.

சுவிட்சுகள் இரண்டு

மேசையின் ஓரத்தில் ஒரு பலகை. அதில் இரண்டு சுவிட்சுகள். ஒன்றின் கீழே 'அப்', இன்னொன்றின் கீழே 'டவுன்' என்று தமிழில் பெயின்டால் எழுதியிருந்தது. லில்லி அம்மா பவித்ராவைக் கூப்பிட்டு அதன் முன்னால் நிறுத்தினார். அவள் கைகளைத் துப்பட்டாவில் துடைத்துக்கொண்டாள்.

லில்லி அம்மா மைக்கில் தொண்டையைச் செருமினார். "பயணிகள் கவனத்திற்கு. டவுன் வண்டி இன்னும் சற்று நேரத்தில் புறப்படும்."

பவித்ரா சுவிட்சைத் தள்ளினாள். நீல நிற வண்டி காட்பாடியை விட்டு மெல்ல நகர்ந்தது. லத்தேரி, குடியாத்தம், மேல்பட்டி என்று ஒவ்வொரு ஸ்டேஷனாகத் தாண்டியது. கிஷோர் கூடவே நடந்தான். கொஞ்ச தூரம் போனதும் நின்று கேட்டான்.

"ஆன்ட்டி, டவுன் வண்டின்னீங்க. டவுனு வேலூர்தான? இது வேலூர விட்டு எதிர்ப்பக்கமால்ல போவுது?"

என் கை மேசை விளிம்பைப் பிடித்தது.

அடியிலிருந்து பதில் வந்தது. "இங்கிலீஷ்ல டவுனு ரெண்டு இருக்குப்பா. ஒண்ணு ஊரு. இன்னொண்ணு கீழ. மெட்ராஸ் பக்கம் போனா அப். மெட்ராஸ விட்டு வெளிய போனா டவுன். ரயில்வேக்காரனுக்கு அந்த ரெண்டாவது டவுன்தான் தெரியும்."

"ரெண்டும் ஒரே மாதிரி சொன்னா எப்பிடித் தெரியும்?"

"தெரியாதுதான். ஏமாந்தவங்க இருப்பாங்க."

ஆமாம், பிள்ளைகளே. இருக்கிறார்கள். ஒருவன் அந்த மேசையைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தான். காட்பாடி ஜங்ஷன் ஆடியது.

நான் எழுதாமல் விட்டது

இந்தத் தொடரின் மூன்றாவது வாரத்தில் நான் ஒன்று எழுதியிருந்தேன். பத்தாவது முடித்ததும் வேலூர் ஐ.டி.ஐ.யில் சேரப் போனேன், சீட் முடிந்துவிட்டது என்றார்கள், அதனால் ஆம்பூர் ஷூ கம்பெனியில் சேர்ந்தேன் என்று. அது உண்மை இல்லை. என் அப்பாவிடம் சொன்ன பொய், அதையே கலாவிடமும் என் பிள்ளைகளிடமும் சொன்னேன், உங்களிடமும் சொன்னேன்.

தோல் வெட்டும் வேலையில் முதல் பாடம் ஒன்று உண்டு. தோலைப் பலகையில் விரித்ததும் வெட்டும் அச்சை வைத்துவிடக்கூடாது. முதலில் கையால் தடவிப் பார்க்க வேண்டும். ஆடு முள்வேலியில் கீறிக்கொண்ட தழும்பு எங்காவது இருக்கும். அந்த இடத்தைத் தவிர்த்துத்தான் அச்சு வைப்போம். மூன்றாவது வாரம் எழுதும்போது நான் அப்படித்தான் அச்சு வைத்தேன்.

நடந்தது இது.

எங்கள் ஊர் மேல்பட்டி ஸ்டேஷனுக்குப் பக்கம். எங்கள் வீட்டில் வேலூருக்கு வேலூர் என்று பெயரே கிடையாது. டவுன் என்றால் வேலூர்தான். ஐ.டி.ஐ.யில் சீட் கொடுக்கும் நாள் அன்று, பதினாறு வயதில், தனியாக முதல் தடவை ரயிலேறப் போனேன். கையில் காட்பாடிக்கு ஒரு அட்டை டிக்கெட். மஞ்சள் பையில் சர்ட்டிபிகேட். இரண்டு பக்கமும் வண்டி வரும் நேரம். கொடியோடு நின்ற ரயில்வேக்காரர் ஒருவரிடம் ஓடினேன்.

"அண்ணா, டவுன் வண்டி எது?"

"டவுனா? அதோ, அந்தப் பக்கம் வருது பாரு. ஓடு."

ஓடி ஏறினேன். ஜன்னலோரம் இடம். எதிரில் ஒரு தோல் வியாபாரி பாயும் அவர் தோஸ்த் ஒருவரும். நான் பையை மடியில் வைத்திருந்த விதத்தைப் பார்த்துப் பாய் கேட்டார், எங்கே போகிறேன் என்று. டவுனுக்கு, ஐ.டி.ஐ. சீட்டுக்கு என்று நெஞ்சை நிமிர்த்திச் சொன்னேன். அப்போது ரயில் சத்தத்தில் அவர் காதில் எதுவும் விழவில்லை.

அப்புறம் வண்டி நின்றது. பலகையைப் பார்த்தேன். ஆம்பூர்.

ஆம்பூர் எனக்குத் தெரிந்த ஊர்தான். டவுனுக்கு எதிர்ப்பக்கம். அங்கேயே இறங்கியிருந்தால் பஸ் பிடித்து நேரத்துக்குப் போயிருக்கலாம். எழுந்தும் விட்டேன். அப்போது பாய் மறுபடி கேட்டார்: "எங்க தம்பி போற? இன்னா எழுந்துட்ட?"

தப்பு வண்டி என்று சொன்னால் அவர்கள் இருவரும் சிரிப்பார்கள். அது மட்டும்தான் என் மனதில் இருந்தது.

"ஜோலார்பேட்டைக்கு பாய். சும்மா வேடிக்கை பாக்க எழுந்தேன்" என்றேன். உட்கார்ந்துகொண்டேன்.

ஜோலார்பேட்டை வரை போனேன். பாய் எனக்கு ஒரு வாழைப்பழம் கொடுத்தார். அதை மஞ்சள் பையில் போட்டுக்கொண்டேன். அங்கே ஒரு பெஞ்சில் மத்தியானம் வரை உட்கார்ந்திருந்துவிட்டு, சாயங்காலம் வீட்டுக்கு வந்து, சீட் முடிந்துவிட்டது என்றேன். அப்பா சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போனார்.

அந்தக் கொடிக்காரரை நான் எத்தனை வருஷம் திட்டியிருக்கிறேன் தெரியுமா. பட்டிக்காட்டுப் பையன் என்று வேண்டுமென்றே மாற்றி ஏற்றிவிட்டார் என்று நினைத்திருந்தேன். அவர் முகம்கூட மறந்துவிட்டது. கோபம் மட்டும் நேற்றுப் போல இருந்தது. அவர் நான் கேட்ட வண்டியைத்தான் காட்டியிருக்கிறார். இதைத் தெரிந்துகொள்ள எனக்கு ஒரு பொம்மை ரயிலும், வாய் ஓயாத ஒரு மகனும் தேவைப்பட்டிருக்கிறது.

ஆம்பூரில் நின்ற வண்டி

"அப்பா, இன்னா ஆச்சு? ஏன் ஒரு மாதிரி நிக்கற?"

பவித்ரா சுவிட்சிலிருந்து கையை எடுத்துவிட்டாள். நீல வண்டி ஆம்பூர் ஸ்டேஷனில் நின்றிருந்தது, எங்கள் தெருவுக்கு ஒரு விரற்கடை தள்ளி.

அங்கேயே சொன்னேன். லில்லி அம்மா மைக்கை அணைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார்.

பவித்ரா நின்ற வண்டியைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

"ஆம்பூர்ல எறங்கியிருந்தா சீட்டு கெடச்சிருக்குமா?"

"கெடச்சிருக்கும்."

"அந்த ரெண்டு பேர அதுக்கப்புறம் எப்பவாவது பாத்தியாப்பா?"

யோசித்தேன். "இல்லம்மா. ஒரு தடவகூட இல்ல."

அவள் குனிந்து அடியில் கேட்டாள். "சார், இது நடுவுல நிறுத்தி அப்படியே திரும்பப் போவுமா?"

"எங்க வேணா நிறுத்து. வண்டி ஏறினவங்க எறங்கத்தான் நாங்க வழியெல்லாம் ஸ்டேஷன் கட்டி வெச்சிருக்கோம்."

அவள் டவுன் சுவிட்சைத் தள்ளினாள். விண்ணமங்கலத்தில் நிறுத்தினாள். அப் சுவிட்சைத் தள்ளி ஆம்பூருக்குக் கொண்டுவந்தாள். மறுபடி விண்ணமங்கலம், மறுபடி ஆம்பூர். பெஞ்சு நாய் தூக்கம் கலையாமல் கிடந்தது. பின்னால் காத்திருந்த ஒரு சின்னப் பையன் அழ ஆரம்பித்த பிறகுதான் விட்டாள்.

"ஏம்மா, அந்த நாய் எதுக்கு?" என்று கிளம்பும்போது லில்லி அம்மாவிடம் கேட்டேன்.

"அங்க எப்பவும் ஒரு நாய் தூங்கும்ன்னு இவர் சொல்றாரு. நான் பாத்ததில்ல."

"இருக்கும்" என்றது குரல். கடைசிவரை நாங்கள் டேவிட் சாரின் முகத்தைப் பார்க்கவே இல்லை.

இரவுச் சாப்பாட்டின்போது கலாவிடமும் சொன்னேன். இத்தனை வருஷம் மறைத்ததற்குக் கோபித்துக்கொள்வாள் என்று நினைத்தேன். குழம்பை ஊற்றிக்கொண்டே சொன்னாள்:

"அப்ப என்னைக் கொண்டாந்து இந்த வீட்ல விட்டது அந்தக் கொடிக்காரருன்னு சொல்லுங்க. நான் வேற இத்தினி நாளா நம்ம கல்யாணத்தப் பேசி முடிச்ச ஷூ கம்பெனி சூப்பர்வைசரத் திட்டிக்கினு இருந்தேன்."

திங்கட்கிழமை

நான் ஸ்டேஷனுக்கு வருகிறேன் என்றேன். பவித்ரா வேண்டாம் என்றாள். "நீ வந்தா உன்னக் கேட்டுக்கேட்டுத்தான் ஏறுவேன். நாளைக்கு யாரக் கேக்கறது?" நேராக வேலைக்குப் போனேன்.

எங்கள் செக்‌ஷனில் போன் வைத்திருக்கக் கூடாது. ஏதாவது அவசரம் என்றால் சூப்பர்வைசர் மேசைக்கு வரும். முதல் கட்டுத் தோலை விரித்துத் தடவிக்கொண்டிருந்தபோது அவர் கையை ஆட்டிக் கூப்பிட்டார். "உன் பொண்ணு."

தோலை அப்படியே விட்டுவிட்டு ஓடினேன்.

"அப்பா, டவுன் வண்டி ஏறிட்டேன்."

பின்னால் பிரஸ் மெஷின்கள் அடித்துக்கொண்டிருந்தன. ஒரு காதைப் பொத்திக்கொண்டேன். "எப்பிடிம்மா?"

"பிளாட்பாரம் மாத்திட்டாங்கப்பா. ரெண்டு வண்டியும் ஒண்ணா நின்னுச்சு. நான் ஒரு அக்காகிட்ட கரெக்டா காட்பாடியான்னுதான் கேட்டேன். அந்த அக்கா போன்ல பேசிக்கினே ஆமா ஆமான்னுச்சு. அது போன்ல யாருக்கோ சொன்ன ஆமா."

"இப்ப எங்க இருக்க?"

"விண்ணமங்கலம். எறங்கிட்டேன்."

போனைக் காதோடு இறுக்கிக்கொண்டேன்.

"அப்பா, கேக்குதா? எறங்கிட்டேன். ரோட்டுக்கு வந்து பஸ் புடிக்கறேன். மொத பீரியட் போய்டும். பரவால்ல."

"கம்பார்ட்மென்ட்ல..." என்று ஆரம்பித்தேன்.

"சிரிச்சாங்க. ஒரு தாத்தா ரொம்ப நேரம் சிரிச்சாரு. எறங்கும்போது அவருதான் பையை எடுத்துக் குடுத்தாரு. அப்பா, இங்க பெஞ்சு மேல நாய் இல்ல. அடுத்த தடவ போறப்ப சார்கிட்ட சொல்லணும்."

போனை வைத்துவிட்டு என் பலகைக்கு வந்தேன். குப்பைக்குப் போகும் துண்டுகளில் மெல்லியதாக ஒன்றை எடுத்தேன். டீ நேரத்தில் அதிலிருந்து கட்டைவிரல் அளவுக்கு எட்டுத் தோல்கள் வெட்டினேன். ஒவ்வொன்றுக்கும் கழுத்து, நாலு கால். ஒன்றில் சின்னதாக ஒரு முள் கீறல் இருந்தது. அதையும் சேர்த்துத்தான் தீப்பெட்டிக்குள் வைத்திருக்கிறேன்.